அன்தருக்குச் சமைத்தவள்

"நாயை நான் பாக்கணும்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே வீட்டு எஜமானி நாஸ்லி ஹானிம் விரலை உயர்த்திச் சொல்லியிருந்தாள். எதை வேண்டுமானாலும் கேள், அடுப்பை மாற்றித் தரச் சொல், சீக்கிரம் வீட்டுக்கு விடச் சொல், என் நாய் அன்தரைப் பார்க்கணும் என்று மட்டும் கேட்காதே. முப்பத்தாறு நாள் ஷுரூக் கேட்கவில்லை. முப்பத்தேழாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்த வேளையில், கையில் கரண்டியோடு கூடத்துக்கு வந்து கேட்டுவிட்டாள்.

ஹானிம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே கமாஸீன் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாலைவனத்து மணலை அள்ளி வந்து ஜன்னல் கண்ணாடியில் உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்த்தது. மூன்று மணிக்கே வீட்டுக்குள் மஞ்சள் இருட்டு.

"ஜன்னலெல்லாம் சாத்திட்டியா?"

"சாத்தியாச்சு."

"இடுக்குல துணி வை. மண்ணு வருது."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

கோபம் அந்தக் கிண்ணத்திலிருந்து தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மாலை ஹானிம் தன் கையாலேயே உள் அறையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நாய்க் கிண்ணம். ஷுரூக் குழாயடியில் இருந்த மண் டப்பாவைத் தேடி எடுத்தாள். மண் காய்ந்து கல்லாகியிருந்தது. நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், முதல் முறை மண் போட்டு; மார்க்கம் சொல்வது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். மண்ணைக் குத்தி எடுத்து, தேய்த்து, எண்ணிக்கொண்டே கழுவியவளிடம் ஹானிம் சொன்னாள்: "எதுக்கு இத்தனை? ஒரு தடவை போதும். நம்ம தட்டுங்களோடயே கவுத்து வை."

இதைச் சொன்னது யார்? வாசல் காவல்காரர் பயூமியின் அங்கியில் தெருநாய் உரசிவிட்டது என்று, அவர் உட்கார்ந்த நாற்காலியையே வெளியே எறியச் சொன்னவள். ஐந்து வேளையும் தொழுபவள். ஷுரூக் கிண்ணத்தைத் தட்டுகளோடு கவிழ்த்து வைத்தாள். வேலை வேண்டியிருந்தது.

அவள் அப்பா நெரிசலான இம்பாபா பேட்டையில் கோழிக்கடையில் அறுப்பவர். கறி எடுத்த பிறகு மிஞ்சும் எலும்புக்கூட்டை நாய் வளர்ப்பவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்தக் கூட்டைப் பார்த்து வளர்ந்த மகள் விவசாயக் கல்லூரியில் கால்நடைத் தீனியைப் பாடமாக எடுத்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விவசாயம் படித்தவர்களையும் எஞ்சினியர் என்றே கூப்பிடுகிற ஊர். பட்டம் வாங்கி இரண்டு வருடம் சும்மா இருந்த பிறகு கிடைத்தது இது. அலெக்ஸாண்டிரியா சாலையில் ஒரு பெரிய வீடு, ஒரு கிழ நாய், உலர் தீனியோடு வீட்டுச் சாப்பாடும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி வைத்தியர் எழுதிய சீட்டு. தெருவில் பெண்கள் சிரித்தார்கள். நாய்ச்சோறு எஞ்சினியர்.

சிரிக்கட்டும். அவள் ஒழுங்காகச் சமைத்தாள். எலும்புக்கூட்டைச் சின்னத் தீயில் வேகவைத்து, வெந்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும் என்பதால் ஒன்றுவிடாமல் விரலால் தடவி எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து, பூசணியும் கேரட்டும் மசித்து, வாரத்துக்கு ஒரு நாள் ஈரல் சேர்த்து, முட்டை ஓட்டை வறுத்து இடித்துத் தூவினாள். வெங்காயம் கிடையாது, நாய்க்கு அது விஷம். உப்பும் கிடையாது.

இரண்டாம் வாரம் ஹானிம் சொன்னாள், அன்தர் உப்பு கேக்குது.

மூன்றாம் வாரம், அளவை இரண்டு மடங்காக்கு. அலமாரிக் கதவின் உள்பக்கம் பழைய அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து. அன்தர், பதினொரு வயது, இருபத்தெட்டு கிலோ. கீழே பெயர்: இன்திஸார். இப்போது கேட்கிற அளவை ஒரு கிழ நாய் தின்றால் பத்து நாளில் படுத்துவிடும். சரி, உலர் தீனியைக் குறைக்கிறார்களோ என்று சேமிப்பறைக்குப் போய்ப் பார்த்தாள். மூட்டைகள் தைத்த தையல் பிரியாமல் அடுக்கியிருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. மேலே தூசி. எலி கடித்த தடம்.

"யாரு மாமா இந்த இன்திஸார்?" என்று பயூமியிடம் கேட்டாள்.

"உனக்கு முன்னாடி இருந்தவ. மின்யா ஊர்க்காரி. அவளும் உன்ன மாதிரி எஞ்சினியரம்மாதான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

"எங்க போனா?"

பயூமி தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார். "வந்த வழியா வெளிய போன மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல. கேட்ல உக்காந்திருக்கிறவன் நான். நீ சமைக்க வந்தவ, சமை."

அப்படியும் அவள் கேட்டிருக்க மாட்டாள். நேற்றைய பாங்கு அவளைக் கேட்க வைத்தது.

பாங்குச் சத்தத்துக்கு நாய் ஊளையிடுவது புதிதல்ல, இம்பாபாவில் ஐந்து வேளையும் ஊளையிடும். இங்கேயும் உள் அறையிலிருந்து தினமும் கேட்கும். நேற்று பூசணி நறுக்கிக்கொண்டே காது கொடுத்தாள். பாங்கு சொல்பவர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிறார். அப்போதுதான் ஊளை கிளம்புகிறது. அதே நீளம். அதே இறக்கம். அடுத்த வரி. மௌனம். ஊளை. பாங்கு கேட்கிறவர்கள் ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் திருப்பிச் சொல்வது வழக்கம். தொழுகைக்கு வாருங்கள், வெற்றிக்கு வாருங்கள் என்று அழைக்கிற நான்கு வரிகளுக்கு மட்டும் திருப்பிச் சொல்லாமல் வேறொரு பதிலைச் சொல்ல வேண்டும், அது இன்னும் நீளமானது. அந்த நான்கு இடத்திலும் ஊளை மாறியது. நீண்டது. நான்கு முறையும்.

கத்தி அவள் விரலில் இறங்கியிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"கேட்டேனே ஹானிம். நாயை நான் பாக்கணும்."

நாஸ்லி ஹானிம் எழுந்தாள். சின்ன உருவம், எழுபது வயது, தலையில் வெள்ளைச் சீலை. கோபப்படுவாள் என்று ஷுரூக் நினைத்திருந்தாள். அவள் சங்கடப்பட்டவள்போல் புன்னகைத்தாள்.

"கேக்காதேன்னு முதல் நாளே சொன்னேன். கேட்டுட்டா நான் மறைக்கிறதில்ல. அது என் குணம்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஷுரூக்கின் கையில் வைத்தாள். சாவி சூடாக இருந்தது. "நீயே திற."

நீண்ட நடை. இரண்டு பக்கமும் போர்வை போர்த்திய நாற்காலிகள். காற்று கதவுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டு கூடவே வந்தது. ஷுரூக் மூக்கால் தேடினாள், நாய் இருக்கும் வீட்டுக்கு ஒரு வாடை உண்டு, ஈர ரோமமும் பழைய எச்சிலும் கலந்த வாடை. இங்கே இல்லை. சோப்பு வாசனை. குழைந்த சோற்றின் வாசனை. அதன் அடியில் வியர்வை. மனுஷ வியர்வை.

சாவி சுலபமாகத் திரும்பியது.

ஜன்னலில் பலகை அடித்திருந்தார்கள். இடுக்கில் மஞ்சள் வெளிச்சம். மூலையில் பட்டு மெத்தை. மெத்தை மேல் சுருண்டு படுத்த ஒரு நாயின் எலும்புக்கூடு. வாலெலும்பு கூட ஒழுங்காக. கழுத்தில் பட்டை இல்லை.

பட்டை வேறொரு கழுத்தில் இருந்தது.

சுவரோரம் ஏதோ அசைந்தது. வந்தது. கையும் முழங்காலுமாக. முழங்காலில் காய்ப்பு, ஒட்டகத்தின் முட்டியில் இருப்பதுபோல. முடி தரையைப் பெருக்கியது. ஷுரூக்கின் கரண்டியை மோந்தது. வெட்டுப்பட்ட விரலை மோந்தது. பிறகு முகத்தை நிமிர்த்தியது.

ஒரு பெண். ஷுரூக்கின் வயதுதான். அவ்வளவுதான் இருக்கும்.

"முட்டை ஓட்டை இன்னும் நைசா இடிக்கணும், எஞ்சினியரம்மா," என்றது. தெளிவான, படித்த குரல். "தொண்டையில குத்துது."

கரண்டி விழுந்தது.

"இன்திஸார்," என்றாள் ஷுரூக்.

கண்களில் ஒன்றும் மாறவில்லை.

"அன்தர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு," ஹானிம் பின்னால் நின்று சொன்னாள். "நான் யாரையும் கட்டிப்போடல. நல்லாப் பாரு."

பார்த்தாள். பட்டையிலிருந்து சங்கிலி. சங்கிலி தரையில். மறுமுனை எதிலும் கட்டப்படவில்லை. சும்மா கிடந்தது.

"கேட்டா. காட்டினேன். இங்கயே உக்காந்துட்டா. படிச்ச பொண்ணுங்க, சொன்னா டக்குனு புரிஞ்சுக்கறீங்க." ஹானிமின் குரல் தணிந்தது, அன்பானது. "உக்காரு."

இன்திஸார் உட்கார்ந்தாள்.

ஷுரூக்கின் முழங்கால் மடங்கியது.

ஒரு விரல் அகலம். அவ்வளவே. அவள் மடக்கவில்லை. அதுவாக. வகுப்பில் கையைத் தூக்கியபோது உட்காரு என்ற வாத்தியார், வேலைக்குப் போன இடமெல்லாம் உட்காரச் சொல்லிக் காத்திருக்க வைத்தவர்கள், எல்லாருக்கும் மடங்கிப் பழகிய முழங்கால். ஹானிம் அதைப் பார்த்துவிட்டாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு போதும். ஷுரூக்குக்கு உள்ளே ஏதோ கொதித்து மேலே வந்தது. அவள் முழங்காலை நிமிர்த்தினாள். வலித்தது.

"எந்திரி," என்றாள் இன்திஸாரிடம். "எந்திரிடி. நீ படிச்சவ. எந்திரி."

எழவில்லை. ஹானிமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இடுப்பு லேசாக ஆடியது, இடமும் வலமும்.

ஷுரூக் குனிந்து சங்கிலியின் மறுமுனையை எடுத்தாள். கையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஹானிமைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தாள். கூடம். வாசல். படி. மணல் கண்ணை அறுத்தது. பின்னால் சரளைக் கல்லில் சத்தம். கை, முழங்கால். கை, முழங்கால்.

பயூமி கேட்டருகே எழுந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காத்து அடங்கட்டும், எஞ்சினியரம்மா."

"திற."

திறந்தார்.

வீட்டு வாசலிலிருந்து ஹானிம் கூப்பிட்டாள். கத்தவில்லை. சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுகிற குரல்.

"அன்தர்."

பின்னால் சத்தம் நின்றது. சங்கிலி இறுகியது. தொண்டைக்குள்ளிருந்து மெல்லிய உறுமல் எழுந்தது.

ஷுரூக் திரும்பிப் பார்க்கவில்லை. மஞ்சள் புழுதிக்குள் காலை வைத்தாள். இழுத்தாள்.