மணி அடித்தது எந்த மாடியில்?

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், கம்பிக் கயிறுகளுக்கு நடுவே நின்று வேலை பார்ப்பார். அங்கிருந்து கீழே பார்த்தால் நமக்குக் குலை நடுங்கும். அவர் பாட்டுக்குச் சீட்டி அடித்துக்கொண்டிருப்பார்.

அவ்வளவு பெரிய தைரியசாலி ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயப்படுவார். பல் டாக்டர்!

அப்பாவுக்கு நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பதறாதீர்கள். தினமும் மாத்திரை போட்டால் அது சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். அப்பாவும் வேலைக்குப் போவார், என்னோடு சண்டை போடுவார், நான் ஒளித்து வைத்த பிஸ்கட்டைத் தின்பார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் கொடுத்து, நோய் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அம்மாவுக்கு அந்த நோயின் மேல் நம்பிக்கையே கிடையாது. அப்பா ஒரு தும்மல் போட்டால் போதும், ஓடி வந்துவிடுவார்.

"நெத்தியைக் காட்டுங்க. நாக்கை நீட்டுங்க. ஏன் முகம் வாடியிருக்கு?"

"தூசிம்மா, வெறும் தூசி!" என்று அப்பா கத்துவார்.

இந்த வம்பு வந்ததே அதனால்தான்.

ஒரு நாள் காலையில் அப்பா சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் ரகசியமாக உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன்.

"என்னப்பா, பல் வலியா?"

"உஷ்! கடைவாய்ப் பல்லு லேசா வலிக்குது. அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"டாக்டர்கிட்ட போகலாமே?"

"பல் டாக்டர்கிட்டயா? வேற வேலை இல்ல எனக்கு? தானா சரியாயிடும். அம்மாவுக்குத் தெரிஞ்சா ராத்திரி பூரா தூங்க மாட்டா, பாவம்."

அந்தப் 'பாவம்' என்ற சொல்லில் நான் உருகிவிட்டேன். அப்பாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அந்த வாரமே ரத்தம் கொடுத்தார். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால், முடிவு கேட்க மூன்று பேரும் மருத்துவமனைக்குப் போனோம். வழக்கமாக எங்களைப் பார்த்ததும் ஏதாவது ஜோக் அடிக்கும் டாக்டரம்மா, அன்றைக்குக் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழற்சி எண் நிறைய ஏறியிருக்கு. வெள்ளை அணுக்களும் கூடியிருக்கு" என்றார்.

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். வலித்தது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அழற்சின்னா என்ன டாக்டர்?"

"கொசு கடிச்சா அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகும் இல்ல? உடம்பு அங்கே சண்டை போடுது. அதுதான் அழற்சி. உள்ளுக்குள்ள எங்கேயாவது பெரிசா சண்டை நடந்தா, ரத்தத்துல ஒரு புரதம் கூடும். அதை அளந்தா சண்டை நடக்குதுன்னு தெரியும். எந்த இடத்துலன்னு மட்டும் தெரியாது."

"அப்போ அந்த நோய் மறுபடியும்..." அம்மாவால் முடிக்க முடியவில்லை.

"அதனாலயும் ஏறலாம். மாத்திரை கேட்காம போயிருக்கலாம். வேற எங்கேயாவது கிருமி புகுந்திருந்தாலும் ஏறலாம்." டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். "காய்ச்சல் உண்டா? இருமல், புண்ணு? எங்கேயாவது வலி?"

நான் மனசுக்குள் கெஞ்சினேன். சொல்லுங்கப்பா, சொல்லுங்க!

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமே இல்ல டாக்டர். கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்படின்னா நோயைத்தான் சந்தேகப்படணும். இடுப்பு எலும்புலேர்ந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்திடலாம். மாத்திரையையும் மாத்த வேண்டி வரலாம்."

அம்மா அதற்குத் தேதி வாங்கக் கவுண்டருக்குப் போனார். போகும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"பல்லைப் பத்திச் சொல்லியிருக்கலாம் இல்லப்பா?"

"அட, பல்லுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"லிஃப்ட்ல மணி அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு ஓடுவேன்."

"எந்த மாடின்னு மணி சொல்லுமா?"

"பழைய லிஃப்ட்ல சொல்லாது. ஒவ்வொரு மாடியா கதவைத் தட்டிப் பார்க்கணும்."

"டாக்டரும் அதைத்தானே பண்றாங்க? நீங்க ஒரு கதவை மறைச்சு நின்னுக்கிட்டு, 'இங்க யாருமே இல்ல'ன்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். மூடியதில் பல் இடித்துவிட்டது போலும், முகத்தைச் சுளித்தார்.

"நீயே போய்ச் சொல்லிடேன்" என்றார் மெதுவாக.

"சத்தியம் பண்ணியிருக்கேனே! நீங்கதான் சொல்லணும். பல் டாக்டர்கிட்ட நானும் வரேன். என் கையைப் பிடிச்சுக்கோங்க."

"அழுத்திப் பிடிப்பேன்."

"எவ்வளவு வேணா அழுத்துங்க."

அம்மா திரும்பி வந்தார். அப்பா எழுந்து நின்றார். "ஒண்ணு சொல்லணும். எனக்குப் பல்லு வலிக்குது. ரொம்ப நாளா."

"ரொம்ப நாளாவா?" அம்மா போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "உங்களுக்கு அறிவிருக்கா? இதைப் போய் யாராவது மறைப்பாங்களா?"

"நீ பயந்துடுவேன்னுதான்..."

"இப்ப மட்டும் என்ன, ஆனந்தமா இருக்கேனா?"

நான் அம்மாவின் காதோடு சொன்னேன். "திட்டாதீங்கம்மா. திட்டினா அடுத்த தடவையும் மறைச்சிடுவார்."

அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, வாங்க. டாக்டர் கிளம்புறதுக்குள்ள சொல்லிடுவோம்."

டாக்டரம்மா அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கேன்னீங்களே! இந்தக் கல்லு உடைஞ்சு சீழ் பிடிச்சிருக்கு." பிறகுதான் சிரித்தார். "முதல்ல இதைக் கவனிப்போம். அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்த்துட்டு, மஜ்ஜையைப் பத்தி யோசிக்கலாம்."

பல் டாக்டர் கீழ்த்தளத்திலேயே இருந்தார். அப்பா அந்த நாற்காலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஐயோ, என்ன பிடி! பல்லைப் பிடுங்கியபோது கத்தியது அப்பாவா நானா என்று பல் டாக்டருக்கே குழப்பமாகிவிட்டது.

அடுத்த வாரம் வரும்வரை எங்கள் வீட்டில் யாருமே சரியாகச் சாப்பிடவில்லை.

டாக்டரம்மா எங்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "அழற்சி எண் விழுந்திடுச்சு. வெள்ளை அணுக்களும் இறங்கிடுச்சு. மாத்திரை நல்லாவே வேலை செய்யுது. மஜ்ஜையெல்லாம் எடுக்க வேண்டாம்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அப்பா இரண்டையும் தனித்தனியாகச் செய்தார். எனக்கு அந்த அறைக்குள்ளேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் குதித்தும்விட்டேன்.

சில நாள் கழித்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு முறை செருமினார்.

"எனக்குத் தொண்டை கொஞ்சம் கரகரன்னு இருக்கு" என்றார். அவராகவே!

அம்மா சட்டென்று எழுந்திருக்கப் போனார். அம்மா என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியா? வெந்நீர் குடிங்க. நாளைக்கும் இருந்தா டாக்டர்கிட்ட கேட்போம்" என்றார் சாதாரணமாக.

"சரி" என்றார் அப்பா. தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் நன்றாக மென்று சாப்பிட்டார்.