சேந்தாச்சு

கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால் சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. முன்னால் ஏழு சைக்கிள்கள் ஈரச் சாலையில் உரசும் இரைச்சல் இருக்கலாம், அல்வினின் இருமல் இருக்கலாம், கல் மதிலுக்கு அந்தப் பக்கம் நனைந்த ஆடுகள் செருமிக்கொண்டிருக்கலாம். ஆனால் முதல் நீர்த்தேக்கத்தின் அணைமேல் போகும்போது, கெதினுக்குப் பத்தடி பின்னால், யாரோ மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைச் சும்மா உருளவிட்டார்கள். டிக் டிக் டிக் டிக் என்று பின்சக்கரத்துப் பல் அடித்தது. எண்ணெய் காணாத சக்கரம்.

திரும்பிப் பார்த்தான். அணைச் சாலை நேராக, காலியாகக் கிடந்தது. ஒரு பக்கம் சாம்பல் நிறத் தண்ணீர், இன்னொரு பக்கம் பைன் மரங்கள்.

"என்னப்பா, இப்பவே மூச்சு வாங்குதா?" என்று முன்னாலிருந்து அல்வின் கேட்டார். அறுபது வயது. வாய் மட்டும் இருபது.

"உங்க இருமலுக்குப் பயந்துதான் தள்ளி வரேன்."

"வா வா. இன்னும் ரெண்டு அணை இருக்கு. அப்புறம் ரோமாபுரிக்காரன் கோட்டை ஏத்தம். அங்க உன்னை அழ வைக்கிறேன்."

நூற்றுப்பத்து கிலோமீட்டர்ச் சுற்று. தெற்கு வேல்ஸின் மலைகளில் இதைவிட மோசமான சுற்று இருக்கலாம், நவம்பரில் இருக்காது. வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கோ போனாலும், நவம்பர் கடைசி ஞாயிறு மட்டும் இந்த வழிதான். எமிருக்காக. முன்னால் வரிசையை இழுத்துக்கொண்டு போகிறவள் நெரிஸ், எமிரின் அக்கா. கெதின் இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறான். வசந்தத்தில் கல்யாணம்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைப்பார். கடைசி ஆள், தனக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, வரிசையோடு ஒட்டியதும் 'சேந்தாச்சு' என்று கத்துவான். அந்தச் சொல் வாய்க்கு வாய் முன்னால் போகும். போய்ச் சேர்ந்ததும் வேகம் எடுப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சக்கரத்தோடு சக்கரம் ஒட்டி ஓட்டும்போது திரும்பினால் சைக்கிள் ஆடும், பின்னால் வருகிறவன் விழுவான். அதனால் கடைசி ஆளின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே ஞாயிறு, கடைசி ஆள் கெதின்.

அன்றைக்குக் கோட்டை ஏற்றத்தில் எமிரின் டயர் பஞ்சர். பனிமூட்டம், முகத்தில் ஊசி குத்துகிற தூறல். "கெதின், நில்லுடா. என்கிட்ட பம்பு இல்ல," என்றான் எமிர். கெதினிடம் இருந்தது. முதுகுப் பையில் இடித்துக்கொண்டே இருந்தது. நின்றால் இருபது நிமிடம் போகும், விரல் மரத்துப்போகும், தேநீர்க் கடையை நாலு மணிக்கு அடைத்துவிடுவார்கள். கெதின் கெட்டவன் இல்லை என்று சொல்ல ஆசைதான். குளிர் தாங்காதவன், அவ்வளவுதான். மிதித்து மேலே போய் வரிசையைப் பிடித்தான். "சேந்தாச்சு!" என்று கத்தினான்.

கடையில் நெரிஸ் தம்பியைப் பற்றிக் கேட்டபோது, "பஞ்சராம். குறுக்கு வழில வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டான்," என்றான் கெதின். வாய் தானாகச் சொன்னது. எமிர் தனியாக வாழ்கிறவன். அன்றிரவு யாரும் தேடவில்லை.

மறுநாள் நண்பகலில் கண்டெடுத்தார்கள். காற்று இல்லாத டயரோடு அவர்களைப் பிடிக்க இறங்கியிருக்கிறான், வளைவில் விழுந்து கால் முறிந்திருக்கிறது. காற்றுக்கு ஒதுங்க, கோட்டையின் இடிந்த மதில்வரை கையால் மண்ணைப் பற்றி உடம்பை இழுத்துக்கொண்டே போயிருக்கிறான். நகங்களுக்குள் கறுப்பு மண். விடியும்வரை உயிர் இருந்தது என்று மருத்துவர் சொன்னார். அதை நெரிஸ் கெதினின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். அந்தத் தோள்தான் அவளுக்கு அப்புறம் எல்லாமும் ஆனது.

"கடைசியா உன்கிட்ட என்ன சொன்னான்?" என்று மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

"'நீங்க போங்க'ன்னான்."

"சிரிச்சானா?"

"சிரிச்சான்."

இரண்டாவது நீர்த்தேக்கம் வந்தபோது மணி இரண்டரை. வெளிச்சம் அதற்குள் அழுக்காகிவிட்டது. அழுகிய பெரணிச் செடிகளின் வாடையும் ஆட்டுக் கம்பளி வாடையும் தாண்டி, பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்த மாதிரி ஈர மண்ணின் வாடை வந்தது. அது பின்னாலிருந்து வந்தது, காற்றோ முன்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. கெதின் மிதித்தால் சத்தம் இல்லை. மிதிப்பதை நிறுத்தினால், அவன் சக்கரத்தின் மெல்லிய முனகலுக்கு அடியில், அந்த இன்னொரு சக்கரம். டிக் டிக் டிக். எமிரின் சைக்கிளை எல்லோரும் வெட்டுக்கிளி என்று கேலி செய்வார்கள்.

உச்சியில் நெரிஸ் மெதுவாகப் போனாள். குரலுக்காகக் காத்திருந்தாள்.

பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. சொல்ல வேண்டியதுதானே. இன்னொரு முறை பின்னால் பார்த்தான்.

"யோவ், தூங்கிட்டியா?" என்றார் அல்வின்.

"சேந்தாச்சு," என்றான்.

அவனுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

இன்றைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கடையில் உட்கார்ந்ததும், எல்லோர் முன்னாலும், பம்பை மேசைமேல் வைத்து, 'இது என்கிட்ட இருந்தது' என்று. உடனே அடுத்ததும் தோன்றியது. அவள் எழுந்துபோவாள். சூடான சமையலறை, அவளுடைய நாய், தலையணையில் அவள் தலைமயிர் வாசனை, எல்லாம் போகும். மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். செத்தவன் செத்தவன்தான். மூன்றாவது அணையை அவன் தலையைத் தூக்காமலே கடந்தான்.

கோட்டை ஏற்றம் பனிமூட்டத்துக்குள் போனது. அல்வினின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. அப்புறம் அது மங்கியது. இடப்பக்கம் ரோமானியர் கட்டிய மதிலின் மிச்சம், இடுப்புயரக் கருங்கல், பாசி.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

முன்டயர். சைக்கிள் குழைந்தது. கால் ஊன்றினான்.

"அல்வின்! பஞ்சர்! நில்லுங்க!"

மூட்டத்தில் அவன் குரல் பத்தடிகூடப் போகவில்லை. சிவப்புப் புள்ளி ஏறிக்கொண்டே இருந்தது. முதுகுப் பையில் கைவிட்டான். டியூப் இருந்தது. பம்பு இல்லை. காலையில் வைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் இடித்தது. இல்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"சேந்தாச்சு!"

கெதினின் குரல். அவனுடைய அதே குரல், குளிரில் லேசாகக் கீறின அதே கடைசி எழுத்து. அல்வின் வாங்கி முன்னால் சொன்னார். "சேந்தாச்சு!" அடுத்தவர் சொன்னார். தூரத்தில் இன்னொருவர். கடைசியாக, மெல்லியதாக, நெரிஸ். "சேந்தாச்சா? சரி, போலாம்!"

சங்கிலிகள் இறுகும் சத்தம். டயர்களின் இரைச்சல். அப்புறம் தூறல் மட்டும்.

"நெரிஸ்!" என்று அலறினான். "அது நான் இல்ல! நெரிஸ்!"

ஏறினான். தட்டையான டயரோடு மிதித்தான். உச்சி. இறக்கம். பிரேக் பிடிக்கவில்லை, விரல்கள் மரத்திருந்தன. வளைவு. அதே வளைவு என்று தெரிந்தது. தெரிந்தும் பயனில்லை.

முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்த சத்தம் முதலில் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

கார் எதுவும் வரவில்லை. ஒரு மணிநேரம். வரவே இல்லை. காற்று நனைந்த உடம்பை அறுத்தது. உச்சி தாண்டி இந்தப் பக்கமும் நீண்டிருந்த மதில் தெரிந்தது. புல்லைப் பற்றினான். இழுத்தான். மண்ணைப் பற்றினான். இழுத்தான். கல்லில் முதுகு சாய்ந்தபோது வாயில் ரத்தம் இருந்தது. அந்த இடத்தில் ஓர் ஆள் அளவுக்குப் புல் முளைக்கவே இல்லை. அவனுக்குச் சரியாக இருந்தது.

போனை எடுத்தான். கண்ணாடி விரிசல். நெரிஸை அழைத்தான். போகவில்லை. மறுபடியும். போகவில்லை. அவசர எண். போகவில்லை. தேடி வருவார்கள். கடையில் எண்ணுவார்கள். ஏழுதான் இருக்கும். நெரிஸ் விடமாட்டாள். தம்பியை ஒருமுறை விட்டவள், என்னை விடமாட்டாள். அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

போன் அதிர்ந்தது.

குழுவுக்கு நெரிஸ் அனுப்பிய படம். கீழே அவள் எழுதியிருந்தாள்: 'எட்டுப் பேரும் பத்திரமா வந்தாச்சு. எமிர், இந்த வருஷமும் உன்னை நெனச்சுக்கிட்டோம். நானும் கெதினும் வீட்டுக்குக் கிளம்பறோம்.'

நீள மேசை. தேநீர்க் கோப்பைகள். அல்வின் வாய் நிறையத் திராட்சை ரொட்டியோடு சிரிக்கிறார். கெதின் எண்ணினான். எட்டு. திரும்ப எண்ணினான். மேசைக் கோடியில் நெரிஸ், பல நாளைக்குப் பிறகு சந்தோஷமாக. அவள் பக்கத்தில் அவனுடைய மஞ்சள் சட்டை. சட்டைக்கு மேலே அவனுடைய முகம். அதற்கு முன்னால், மேசைமேல், அவனுடைய பம்பு.

அந்த உருவம் மட்டும்தான் கேமராவை நேராகப் பார்த்தது. மூட்டத்தில் இருக்கிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. நனைந்த கையை நெரிஸின் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தது. அவள் அந்தக் கையில் கன்னத்தைச் சாய்த்திருந்தாள். அந்த விரல்களின் நகங்களுக்குள், ஐந்திலும், கறுப்பு மண் இருந்தது.