வலது பக்கம் எங்கே போச்சு?

எங்கள் பள்ளிக் கோ-கோ அணியில் நான் பதின்மூன்றாவது ஆள். அணிக்கோ பன்னிரண்டு பேர்தான். யாராவது வராவிட்டால்தான் எனக்கு இடம். என் பெயர் சங்கமித்ரா, ஆறாம் வகுப்பு. எங்கள் ஊர் ஜீவனஹள்ளியில் என்னை ஓடிப் பிடிக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் கேரல். அவளே என் உயிர்த் தோழியாகவும் இருப்பதுதான் பெரிய பேஜார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆனேக்கலில் நடக்கும் போட்டிக்குப் பெயர் கொடுக்க மாலை ஐந்து மணிதான் கடைசி. அப்பாவோ அம்மாவோ போட்டி ஆப்பில் சம்மதம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் எங்கள் விளையாட்டு டீச்சர் மமதா மிஸ்ஸின் கம்ப்யூட்டரில் நம் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும். என் அம்மாவும் மற்றவர்களும் தெருமுனைக் கடைக் கம்ப்யூட்டரில் முடித்துவிட்டார்கள். கேரல் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் இன்னும் சிவப்பு.

நாலரை மணிக்கு மிஸ் ஃபோன் செய்தார். கேரலின் அப்பா டிரேவர் அங்கிள் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு நேரே பள்ளிக்கே வந்துவிட்டார். நானும் கேரலும் மிஸ்ஸின் மேசைப் பக்கத்திலேயே நின்றோம்.

"நேத்தே போட்டுட்டேனே மிஸ்! சேவ் ஆச்சுன்னு வந்துச்சே!" என்றார்.

"சேவ் ஆனா போதாது சார், அனுப்பணும். வலது பக்கம் நீலப் பட்டன் இருக்கும், அதை அமுக்குங்க. இங்க நோடி, பாருங்க." மிஸ் கம்ப்யூட்டரில் மாதிரிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். வலது ஓரத்தில் பட்டன் பளிச்சென்று இருந்தது.

அங்கிள் தன் ஃபோனை நீட்டினார். "என் ஃபோன்ல வலது பக்கமே இல்லையே மிஸ்! மேல, கீழ, அவ்ளோதான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அங்கிள் ஃபோனைப் படுக்கவைத்துப் பார்த்தார். எழுத்துதான் பெரிதானது. "சரி, இந்தக் கம்ப்யூட்டர்லயே போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"ஆகாது சார். ஃபோன்ல ஆரம்பிச்சா அதே ஃபோன்லதான் முடிக்கணுமாம். நாங்க எல்லாருக்கும் சரியாத்தானே காட்டினோம்?"

"நானும் சரியாத்தானே மிஸ் பார்க்கறேன்!"

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கும் சிவப்பாவே இருந்தா, சங்கமித்ரா, நீதான். ரெடியா இரு."

பொய் சொல்வானேன்? எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

அங்கிள் ஃபோனை மேசைமேல் வைத்தார். இப்போது ஃபோனும் கம்ப்யூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கம்ப்யூட்டரில் இடது பக்கம் கேரலின் படம் வரும் இடம், நடுவில் விதிகள், வலது பக்கம் பட்டன். ஃபோனில் மேலே படம், அதற்குக் கீழே விதிகள்.

இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே! எங்கே? எங்கள் வீட்டில்தான். பெரியம்மா வீட்டில் கட்டில், மேசை, பீரோ எல்லாம் வரிசையாக நிற்கும். எங்கள் வீடு ஒரே அறை. அதனால் பீரோமேல் பெட்டி, பெட்டிமேல் பாய், கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம். இடம் போதாவிட்டால் பக்கத்தில் இருக்க வேண்டியது மேலேயோ கீழேயோ போய்விடும். அப்படியென்றால் அந்தப் பட்டன் விதிகளுக்கும் கீழே இருக்க வேண்டும்.

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். மணி நாலு ஐம்பது. பத்தே நிமிடம் சும்மா இருந்தால் போதும், அந்தப் பன்னிரண்டாவது சட்டை எனக்குத்தான்.

அப்போது கேரல் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"இந்தா, இதைப் போட்டுக்கோ. உன் ஷூ முன்னாடி கிழிஞ்சிருக்குல்ல? நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தான்" என்றாள். "நல்லா ஓடுடி."

சீ! எனக்கு ரொம்ப வெட்கமாகப் போய்விட்டது.

"அங்கிள், கீழ தள்ளுங்க!" என்று கத்தினேன்.

"தள்ளிட்டேன்மா. ரூல்ஸ்தான் வருது."

"ரூல்ஸ் முடியற வரைக்கும் தள்ளுங்க! ஃபோன்ல இடம் இல்ல. வலது பக்கம் இருந்ததெல்லாம் அடியில போயிருக்கும்!"

அங்கிள் விரலால் தள்ளினார். மொத்தம் முப்பத்திரண்டு விதிகள். "பத்தொன்பதாவது ரூல், நகம் வெட்டியிருக்கணுமாம்…" என்று வாசிக்க ஆரம்பித்தார்.

"படிக்காதீங்க, தள்ளுங்க!" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

முப்பது. முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அதற்குக் கீழே ஒரு பெரிய வெற்றிடம். அதற்கும் கீழே, நீலப் பட்டன்!

அங்கிள் அதை மணி அடிப்பதுபோல் ஓங்கி அமுக்கினார். கம்ப்யூட்டரில் சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டென்று சிவப்புப் புள்ளி பச்சையானது. மணி நாலு ஐம்பத்தாறு.

"நான் சொன்னேன்ல மிஸ், மேல கீழ மட்டும்தான்னு!" என்றார் அங்கிள்.

"ஆமா சார். நானும் ஒரு தடவை ஃபோன்ல பார்த்திருக்கணும், என் தப்புதான்" என்று மிஸ் சிரித்தார். 'ஃபோனில் பார்ப்பவர்கள் கடைசிவரை தள்ளவும்' என்று தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

கேரல் ஷூவைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். இடது கால் நாடாவை நான் கட்டிவிட்டேன். எனக்கு வருத்தம் இல்லையா என்றால், கொஞ்சம் இருந்தது. ஆனால் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடிந்தது.

கேரல் அப்பாவின் ஃபோனை வாங்கி இன்னும் கீழே தள்ளினாள். "ஏய், இங்க பாரு!"

பட்டனுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரு வரி இருந்தது. 'மாற்று ஆட்டக்காரர்: சங்கமித்ரா. அணியுடன் கட்டாயம் வர வேண்டும்.'

"அப்ப நானும் ஆனேக்கல் வரேனா மிஸ்?"

"வராம? மாற்று ஆள்னு உன் பேரைப் போட்டது நான்தான். கூட வரணும்ங்கறது கம்ப்யூட்டர்ல மூலையில சின்ன எழுத்துல இருந்துச்சு, நான் கவனிக்கல."

கேரல் என் தோளில் கை போட்டுக்கொண்டாள். "ஃபோன்ல முக்கியமானதெல்லாம் அடியிலதான்டி இருக்கு" என்றாள்.

அவள் உண்மையைச் சொன்னால் நான் ஏன் மறுக்கப்போகிறேன்?