நான்காவது கட்டம்

காலை 10.05. வரைபடத்தில் பன்னிரண்டு விபத்துப் புள்ளிகளும் கடலுக்குள் கிடந்தன.

எல்லாரும் சுவர்த்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்குப் புரோகிராம் எழுதி வரைபடம் போடக் கற்றுத்தரும் நிலையம் அது. பாடம் எழுதிய டீச்சர் போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவர் எழுதிய கடைசிப் பாடம்தான் திரையில் ஓடியது.

பாடங்கள் 'நோட்டு' என்று அவர்கள் சொல்லும் கம்ப்யூட்டர் மென்பொருளில் இருந்தன. கட்டத்தில் வரிகளை எழுதி ஓட்டினால் அடியிலேயே வரைபடம் வரும். எத்தனையாவதாக ஓட்டினோம் என்ற எண் பக்கத்தில் விழும். பழைய நோட்டே போதுமா, புதியதை வாங்குவதா? பன்னிரண்டு மணிக்குள் நிலையத்தின் தலைவியான மேடம் முடிவை எழுதி அனுப்ப வேண்டும்.

"பாடமே தப்பு. அவங்க பேரை எடுத்துடலாம். வேற ஆள் எழுதட்டும்" என்றார் மேடம்.

டீச்சரின் கணவர் எழுந்தார். அவரும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்தான். யூனிஃபார்ம் கசங்கியிருந்தது.

"நாலு மாசம் படுக்கையில கிடந்து எழுதினா மேடம். பேரையாவது விட்டு வைங்க. இவர்தான் கை வச்சிருக்கார்."

அவர் காட்டியது இன்னொரு வாத்தியாரை. தடித்த கண்ணாடி போட்டதால் எல்லாருக்கும் அவர் 'பூதக்கண்ணாடி'.

"நானா? பழைய நோட்டு வேணாம்னு தொண்டை கிழிய சொன்னேன், அவ்வளவுதான். ஒரு கட்டத்தை அழிச்சாலும், அது செஞ்ச வேலையை மெஷின அணைக்கிற வரைக்கும் பழைய நோட்டு ஞாபகம் வச்சிருக்கும். புதுசு அப்படியில்ல, உடனே எல்லாத்தையும் திரும்ப ஓட்டிக் காட்டிடும்."

10.20. மெஷின் பழுது பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு திருப்புளி. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அவள் பாடத்தை ஓட்டவில்லை. சும்மா திறந்து பார்த்தாள். சேமித்த படம் அப்படியே இருந்தது. அதில் பன்னிரண்டு புள்ளிகளும் தரையில், சாலை மேலேயே. படத்தின் மூலையில் வரைந்த நேரம்: வியாழன் காலை 6.40. கட்டங்களின் எண்கள்: 1, 2, 3, 5.

"வியாழன் காலையில எங்க சார் இருந்தீங்க?"

"வீட்டுல தூங்கிட்டு இருந்தேன். சாட்சிக்கு என் குறட்டைதான்" என்றார் பூதக்கண்ணாடி.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, டீச்சரோட மெஷின்?"

"வீட்டுல இருக்கும்மா. அவ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னையிலிருந்து ஓடிட்டே இருக்கு. அணைக்க மனசு வரல."

திருப்புளிக்குப் புரிந்துவிட்டது. சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"நாலாவது கட்டம் ஓடியிருக்கு, ஆனா பாடத்துல இல்ல. அது இல்லாம இங்க ஓட்டினா புள்ளியெல்லாம் கடல்ல விழுது. வியாழக்கிழமை மட்டும் சரியா விழுந்திருக்கு. பலகையை உருவின பிறகும் கான்கிரீட் நிக்கிற மாதிரி. அப்படி நிக்கணும்னா, நாலாவது கட்டம் ஓடின பிறகு அணைக்கவே அணைக்காத மெஷின்லதான் வரைஞ்சிருக்கணும். அப்படி ஒரே ஒரு மெஷின்தான் இருக்கு."

நாற்காலி கிறீச்சிட்டது. கணவர் உட்கார்ந்துவிட்டார்.

"அவதான் அழிக்கச் சொன்னா" என்றார். "அந்தக் கட்டத்துல எனக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தா. அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சிடுங்கன்னு கடைசில இருந்துச்சு. அவ கடைசியா சொன்ன வேலை. நான் கட்டத்தையே அழிச்சிட்டேன். அப்புறம் ஓட்டியும் பார்த்தேனே... எல்லாம் சரியாதானே வந்துச்சு?"

பூதக்கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"மன்னிச்சிடுங்க சார்" என்றார் கணவர் அவரிடம்.

"விடுங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

11.10. இரண்டு தெரு தள்ளி டீச்சரின் வீடு. கட்டில் பக்கத்து மேசையில் மெஷின் லேசாக உறுமிக்கொண்டிருந்தது. மருந்துச் சீட்டு விசைப்பலகைக்கு அடியில்.

"அணைக்காத வரைக்கும், ஓட்டின ஒவ்வொரு கட்டத்தோட எழுத்தையும் இது வச்சிருக்கும்" என்று சொல்லி, திருப்புளி நான்காவது கட்டத்தை மெஷினிடம் கேட்டாள். டீச்சரின் எழுத்து திரையில் வந்தது.

"உங்களுக்குத்தான் எழுதுறேன். வண்டியில இருக்கிற கருவி வடக்கு எண்ணை முதல்ல தரும். வரைபடம் கிழக்கு எண்ணை முதல்ல கேக்கும். கீழ இருக்கிற வரி ரெண்டையும் இடம் மாத்தும். நீங்க இதைத்தான் மறப்பீங்க. கல்யாண நாளை மறக்கிற ஆளாச்சே. அனுப்புறதுக்கு முன்னாடி இதை அழிச்சிடுங்க."

கணவர் டூட்டி டைரியை எடுத்து, எழுத்துக்கூட்டி, முழுவதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்க நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. திருப்புளி அந்தக் கட்டத்தைப் பாடத்தில் பழைய இடத்திலேயே திரும்பச் சேர்த்தாள்.

11.50. நடந்ததைக் கேட்டுவிட்டு மேடம் போனில் சொன்னார்: "புது நோட்டையே எடுக்குறோம். முதல் பாடம் அவங்களோடது. பேர் இருக்கும்."

"இப்ப அவ குறிப்பை அழிக்கலாமா?" என்று கேட்டார் கணவர்.

"இடம் மாத்துற வரியை விட்டுட்டு அழிங்கண்ணே" என்றாள் திருப்புளி.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டார்: 'நீங்க இதைத்தான் மறப்பீங்க.'

"இது எல்லா டிரைவருக்கும் பொருந்தும்" என்றார்.

பாடத்தை அனுப்பினார். பிறகு மெஷினை அணைத்தார்.