எடை மெஷினில் இரண்டு பேர்

படிக்கட்டுத் திருப்பத்தில் மோதிக்கொண்டார்கள். அவள் குடையிலிருந்து மழை தெறித்தது. அவன் பையிலிருந்து ஒரு டின் உருண்டது.

எடுத்துப் பார்த்தாள். மூடியில் பேனாவால் '14'... அவள் கையெழுத்து!

"இது எங்கப்பாவோட பவுடர். யார் நீங்க?"

"ட்யூப் ஃபீடிங் பார்க்கிற நர்ஸ். மூணு வாரமா காலையில வர்றேன், நீங்க ஆபீஸ் போன பிறகு. டின் நசுங்கியிருக்கு, கடையில மாத்தலாம்னு..."

"மேல வாங்க!"

அவன் கண்கள் அழகாகத்தான் இருந்தன. அதனாலேயே சந்தேகம் கூடியது.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். வாய்வழியே எதுவும் இறங்காது. அந்தப் பவுடரைக் கரைத்து, வயிற்றில் பொருத்திய ட்யூபில் ஊற்றும் திரவம்தான் சாப்பாடு. எடை இன்னும் குறைந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றிருந்தார் டாக்டர். இவன் வந்த மூன்று வாரத்தில் நான்கு கிலோ போயிருந்தது!

"பவுடரைக் குறைச்சுத் தண்ணியை ஊத்துறீங்க. மிச்சம் உங்க பையில!"

கட்டிலில் அப்பா பதறினார். அவன் கோபப்படவில்லை. அதுவும் சந்தேகமாயிருந்தது.

"எடை எப்படிப் பார்க்கறீங்க?"

"அப்பாவால தனியா நிக்க முடியாது. நான் தாங்கிப் பிடிச்சு ரெண்டு பேரும் ஏறுவோம். மொத்தத்துல என் அம்பத்தி நாலைக் கழிச்சுடுவேன்."

"அது எப்ப பார்த்த அம்பத்தி நாலு?"

"ட்யூப் வெச்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு..."

"இப்ப நீங்க மட்டும் ஏறுங்க மேடம். திருடன் சொல்றேன்... ஏறுங்க."

எடை மெஷினில் முள் நடுங்கி நின்றது. ஐம்பது!

அப்பாவிடம் ஒரு கிலோகூடக் குறையவில்லை. கரைந்தது அவள்!

"அடுப்பே பத்த வைக்கிறதில்ல தம்பி," என்றார் அப்பா கரகரத்து. "வாசனை வந்தா நான் ஏங்கிடுவேனாம். கேட்டா, ஆபீஸ்லயே சாப்பிட்டேன்ம்பா."

அவளுக்குக் கண் நிறைந்தது. மன்னிப்பு தொண்டைவரை வந்தது... ஆனால் வேறு கேள்விதான் வெளியே விழுந்தது.

"ஒரு நிமிஷம். காலையில வர்ற ஆளுக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு இங்க என்ன வேலை?"

முதன்முறையாக அவன் திருதிருவென்று விழித்தான்.

"டின்னைக் காலையிலேயே எடுத்துட்டுப் போயிருக்கலாம்... ஒவ்வொரு மூடியிலயும் நம்பர், கீழ 'மெதுவா ஊத்துங்க, அப்பாவுக்குக் கூசும்'னு ஒரு வரி. எழுதினவங்க முகத்தைப் பார்க்காம இருக்க முடியல. பார்த்துட்டேன். இனி பார்க்காம இருக்கவும் முடியாதுங்க..."

அப்பா அவசரமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சமையலறைக்குள் நுழைந்தாள். பல நாள் கழித்து அடுப்பு பற்றியது.

"ரெண்டு தட்டு எடுங்க," என்றது உள்ளிருந்து குரல். "சாப்பிடாம போனா... சந்தேகப்படுவேன்!"