திரையில் தெரிந்த விரால்

"எடது பக்கம் சித்தப்பா... இன்னும் எடது... ஐயோ, ரொம்பப் போயிட்ட!"

சந்தியா கத்திய கத்தலில், கரையோரம் நின்ற கொக்கு ஒன்று எழுந்து பறந்தே போய்விட்டது.

"மெதுவா சொல்லு பாப்பா. மீனுக்குக் காது கேக்கும்" என்றார் சித்தப்பா அன்புச்செல்வன்.

"நீ சரியாப் போட்டா நான் எதுக்குக் கத்தப் போறேன்?"

ஆறாம் வகுப்புப் படிக்கும் சந்தியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் இன்றைக்கு அவளைக் குறை சொல்ல முடியாது. கல்வராயன் மலை அடிவாரத்துப் பெரிய ஏரியில் தூண்டில் போட்டி நடந்துகொண்டிருந்தது. முடிவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சித்தப்பா காலையிலிருந்து பிடித்ததோ, உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை. அதை அளக்கக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

இத்தனைக்கும் அவர்கள் படகில் இருந்த கருவி வேறு யாரிடமும் இல்லை.

சின்ன ரப்பர் படகு அது. நடுவில் டிவி மாதிரி ஒரு திரை. படகின் ஓரத்தில் ஒரு கம்பு. கம்பின் நுனியில், தண்ணீருக்குள், ஒரு கறுப்புப் பெட்டி. இதற்கு லைவ் சோனார் என்று பெயர்.

கிணற்றை எட்டிப் பார்த்து 'ஓ' என்று கூவினால் நம் குரலே திரும்பி வருகிறதல்லவா? அதே வித்தைதான் இதுவும். பெட்டி தண்ணீருக்குள் ஓசையை அனுப்பும். நமக்கு அது கேட்காது. மீன், மரம், பாறை, எதன் மேல் பட்டாலும் ஓசை திரும்பி வரும். உடனே அது திரையில் வெளிச்சமாகத் தெரியும். மீன் நகர்ந்தால் வெளிச்சமும் அந்த நொடியே நகரும். நாம் போடும் தூண்டில்கூடத் தெரியும். முன்பெல்லாம் மீன் வரும் வரை மனிதர்கள் காத்திருந்தார்கள். இப்போது மீன் இருக்கும் இடத்துக்கே மனிதர்கள் போகிறார்கள். அடேயப்பா!

சித்தப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் செல்போன் பழுது பார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலும் கையுமாகக் கிளம்பிவிடுவார். ஆனால் இந்தக் கருவி அவருடையது இல்லை. சேலத்தில் தூண்டில் கடை வைத்திருக்கும் வெங்கடேசன் கொடுத்தது.

"இதை வச்சி நீ முதல் பரிசு வாங்கிட்டீன்னா மெஷினு உனக்கே. எனக்கும் விளம்பரம் ஆச்சி. வாங்கலேன்னா பெட்டியில போட்டுத் திருப்பிக் குடுத்துடு" என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது கரையில் குடை பிடித்துக்கொண்டு இவர்கள் படகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தப்பாவுக்கு அந்தக் கருவி மேல் அப்படி ஓர் ஆசை. சந்தியாவுக்கு அதைவிட ஆசை. தூண்டிலைப் பிடிப்பதுதான் சித்தப்பா. கம்பைத் திருப்பி, திரையைப் பார்த்து, வழி சொல்வதெல்லாம் சந்தியா. கருவி கிடைத்துவிட்டால் ஞாயிறுதோறும் அவளும் ஏரிக்கு வரலாம்.

ஒரு பரிசல் மெல்ல அவர்கள் பக்கம் வந்தது. அதில் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். கையில் சாதாரண மூங்கில் தூண்டில். ஆனால் முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைப் பிடித்து, அவர்தான் முதலிடத்தில் இருந்தார்.

"இன்னா அன்பு, டிவியில இன்னா படம் ஓடுது?"

"மீன் படம்தாண்ணே."

"படத்துலயாவது பெருசா ஒண்ணு புடிச்சிக் காட்டுப்பா!" என்று சிரித்துக்கொண்டே அவர் கடந்து போனார்.

சித்தப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. சந்தியா பல்லைக் கடித்துக்கொண்டு கம்பைத் திருப்பினாள்.

திரையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்த ஒரு கருவேலமரம் அது. அதன் பக்கத்தில் தடித்த வெளிச்சக் கோடு ஒன்று அசையாமல் நின்றது. பிறகு, வாலை ஆட்டியது.

"சித்தப்பா!" அவள் குரல் தானாகவே இறங்கிவிட்டது. "மரத்துகிட்ட ஒண்ணு நிக்குது."

"எம்மாம் பெருசு?"

"அவரு மீனைவிடப் பெருசு."

சித்தப்பா தூண்டிலைக் கையில் எடுத்தார்.

"அதுக்கு மேல புகை மாதிரி ஒண்ணு இருக்குது. அது இன்னா சித்தப்பா?"

"பாசியா இருக்கும். அதை வுடு. மீனு எங்கன்னு சொல்லு."

சித்தப்பா ரப்பர் தவளை கட்டிய தூண்டிலை வீசினார். தவளை சின்னப் புள்ளியாகத் திரையில் நீந்தி வந்தது. தடித்த கோடு சட்டென்று திரும்பியது. புள்ளியின் பின்னாலேயே வந்தது.

"வருது... வருது... கிட்ட வந்துடிச்சி..."

நின்றுவிட்டது. திரும்பிப் போய், அந்தப் புகைக்கு அடியிலேயே நின்றுகொண்டது.

மறுபடி வீசினார். மறுபடி துரத்தியது. மறுபடி திரும்பிப் போயிற்று.

"பசியா இருந்தா முழுங்கணுமே? தொரத்திட்டுத் தொரத்திட்டுத் திரும்பிப் போய்க்கினே இருக்குதே!" சித்தப்பாவுக்கு வியர்த்தது.

சந்தியா திரையை உற்றுப் பார்த்தாள். "அது அந்தப் பாசியை வுட்டு வர மாட்டேங்குது. நீ பாசி மேலயே போடு."

சித்தப்பா அப்படியே போட்டார். தவளை புகையைத் தொட்டதுதான் தாமதம், கோடு கீழிருந்து பாய்ந்தது. தண்ணீர் வெடித்தது போல் எழும்பியது. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது.

"வலை! வலையை எடு!"

மீன் இந்தப் பக்கம் இழுத்தது, அந்தப் பக்கம் இழுத்தது. படகே அதன் பின்னால் நகர்ந்தது. சந்தியா வயிற்றைப் படகின் ஓரத்தில் அழுத்திக்கொண்டு, கைவலையை நீட்டி ஒரே வாரு வாரினாள்.

விரால்! பாம்புத் தலையும் கருத்த முதுகுமாக அவ்வளவு பெரிய விரால்!

அதைப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டதும் சித்தப்பா சந்தோஷத்தில் எழுந்து குதிக்கப் போனார். படகு ஆடியதும் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். "மெஷினு நம்மளுது பாப்பா! நம்மளுதே!"

கரையில் வெங்கடேசன் குடையைத் தூக்கி ஆட்டினார்.

மீனை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்பது போட்டி விதி. போட்டோ செல்லாது. போன தடவை ஒருவர் போட்டோ காட்டினார். மீனுக்குப் பின்னால் மார்க்கெட் தராசு தெரிந்தது.

"கம்பைத் தூக்கு. கரைக்குப் போவலாம். சீக்கிரம்!" சித்தப்பா துடுப்பை எடுத்தார்.

சந்தியா கம்பைத் தூக்கக் குனிந்தாள். அப்போதுதான் திரையைப் பார்த்தாள்.

அந்தப் புகை முன்பு மாதிரி பரவி இல்லை. சுருங்கி, உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்துப் பக்கமிருந்து ஒரு வெளிச்சப் புள்ளி அதை நோக்கி வந்தது. அடியிலிருந்து இன்னொன்று வந்தது. புகை அந்தப் பக்கம் ஓடியது. பிறகு இந்தப் பக்கம் ஓடியது.

பாசி எங்காவது பயந்து ஓடுமா?

அவள் தலையை நீட்டித் தண்ணீரைப் பார்த்தாள். காலையிலிருந்து இருவருமே திரையைத்தான் பார்த்திருந்தார்கள். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. தண்ணீரின் மேல் மிளகாய்த்தூளைத் தூவினது போல் செக்கச்செவேல் என்று என்னவோ துடித்துக்கொண்டிருந்தது. குட்டிக் குட்டி மீன்கள்!

"சித்தப்பா, இது பாசி இல்ல. பார்ப்பு!"

விரால் குஞ்சுகளை ஊரில் பார்ப்பு என்பார்கள். அவை கூட்டமாகவே திரியும். பெரிய விரால் அடியிலேயே நின்று காவல் காக்கும். 'பார்ப்பு மேய்க்கிற விராலைத் தொடாதே' என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பிடிக்கவும் செய்வார்கள். பிடித்த பிறகு தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று யார் கண்டது?

இன்று சந்தியா கண்டாள்.

ஒரு புள்ளி விருட்டென்று புகைக்குள் புகுந்து வெளியே வந்தது. புகை கிழிந்தது. மறுபடி கூடியபோது முன்பைவிடச் சின்னதாக இருந்தது.

பாசி மேலேயே போடு என்று சொன்னது அவள்தானே!

"படகை நிறுத்து சித்தப்பா. மீனை வுட்டுடு."

"இன்னாது?"

"குஞ்சுங்களை மத்த மீனுங்க திங்குது."

"அளந்ததும் வுட்டுடப் போறோம்மா. போய்ட்டு வர நேரம்தான். அதுக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?"

சந்தியா திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

சித்தப்பா பார்த்தார். புள்ளிகள் இப்போது நான்கைந்து இருந்தன. அவற்றில் ஒன்று குறுக்கே பாய்ந்தது. புகை இரண்டாக உடைந்தது. உடைந்த சின்னத் துண்டின் மேல் இரண்டு புள்ளிகள் மொய்த்தன. கொஞ்சத்தில் அந்தத் துண்டே காணாமல் போயிற்று.

துடுப்பு அவர் கையிலேயே நின்றுவிட்டது.

"அணைச்சிடு அதை" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அணைச்சா அங்க நின்னுடுமா சித்தப்பா?"

கரையிலிருந்து வெங்கடேசன் கத்தினார். "சீக்கிரம் வாப்பா! விசில் ஊதப் போறாங்க!"

சித்தப்பா கரையைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். திரையின் ஓரத்தைக் கையால் ஒரு தடவை தடவினார்.

"எனக்கும் மெஷினு வேணும் சித்தப்பா. ரொம்ப வேணும்" என்று சொல்லும்போதே சந்தியாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழுவாத. ஏற்கெனவே படகுல தண்ணி ஜாஸ்தி" என்றார் சித்தப்பா. தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு விராலைத் தூக்கினார். மெதுவாக ஏரியில் இறக்கிவிட்டார்.

சளக்!

சந்தியா கம்பைத் திருப்பித் தேடினாள். கோடு தெரிந்தது. ஆனால் அது குஞ்சுகள் பக்கம் போகவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்றது. வந்தது. மறுபடி விலகிப் போனது.

"ஏன் போவ மாட்டேங்குது? போ சாமி, போ!" சித்தப்பா கெஞ்சினார்.

சந்தியா கம்பை இந்தப் பக்கம் திருப்பினாள். இங்கே விரால். அந்தப் பக்கம் திருப்பினாள். அங்கே குஞ்சுகள். நடுவில் என்ன இருக்கிறது?

"நாமதான் குறுக்க நிக்கிறோம்! படகைப் பார்த்து பயப்படுது. பின்னால தள்ளு. சத்தம் வராமத் தள்ளு!"

சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போட்டார். படகு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

கோடு அசையாமல் நின்றது. புகை இன்னும் சின்னதாகியிருந்தது. சந்தியா தன் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று கோடு பாய்ந்தது!

திரையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே ஓட்டம். நேராகப் புகைக்கு அடியில் போய் முட்டியது. புள்ளிகள் எல்லாம், வாத்தியார் உள்ளே நுழைந்த வகுப்பு மாதிரி, மூலைக்கு ஒன்றாகச் சிதறி ஓடின. ஒன்று மட்டும் போகாமல் நின்றது. கோடு அதைக் கருவேலமரம் வரை துரத்திவிட்டுத் திரும்பி வந்தது.

புகை மெல்ல மெல்லப் பரவி, அதன் தலைக்கு மேல் நின்றது.

"அப்பாடா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கரையில் விசில் ஊதினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டமே தொட்டியை எட்டிப் பார்த்தது. தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. வெங்கடேசனின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இம்மாம் பெரிய வெராலைத் தூக்கினியே, நான் பரிசல்லேர்ந்து பார்த்தனே! எங்கப்பா அது?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். சந்தியாதான் பதில் சொன்னாள்.

"வூட்டுல குழந்தைங்க தனியா இருக்குதுங்கன்னு கெளம்பிப் போயிடுச்சிங்க."

தெய்வசிகாமணிக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "பார்ப்போட இருந்துச்சா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் ஏரிப் பக்கம் திரும்பினார். பிறகு கரை முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"யப்பா! அந்தக் கருவேலமரத்துப் பக்கம் ஒருத்தரும் தூண்டில் போடாதீங்க. அங்க புள்ளைங்க வளருது!"

முதல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. சந்தியாவும் சித்தப்பாவும் கை வலிக்கக் கை தட்டினார்கள். பிறகு திரையைத் துடைத்து, கம்பைக் கழற்றி, எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து வெங்கடேசனிடம் கொடுத்தார்கள். கொடுக்கும்போது சந்தியாவுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வெங்கடேசன் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார். "மெஷினு சரியாத்தானே வேலை செஞ்சிச்சி?"

சித்தப்பா சந்தியாவைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாவே செஞ்சிச்சிங்க. கொஞ்சம் ஜாஸ்தியாவே காட்டிடுச்சி!"