வெயில் விழும் பக்கம்

விடிந்ததும் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் குழந்தை அழுதது. பசிக்கு அழுவதையும் வலிக்கு அழுவதையும் பெரிய மருமகள் காதாலேயே பிரித்தறிவாள். பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் சின்னவளின் அறைக்கு ஓடினாள்.

சின்னவள் குழந்தையைக் கட்டிலில் கிடத்தி இடுப்புத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மேலுறை நனைந்திருந்தது. விரிப்பு நனைந்து மெத்தை வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது. ஈரத்தை உறிஞ்ச வேண்டிய உள்துணியோ பாதிக்கு மேல் காய்ந்தே கிடந்தது. குழந்தையின் தொடை இடுக்கு, சுடுநீர் பட்டது போலச் சிவந்திருந்தது.

"பாருங்கக்கா. நேத்தைவிட இன்னிக்கு அதிகம். என்னதான் துவைக்கிறீங்க நீங்க?"

பெரியவள் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்தாள். சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்குழந்தை, பெரியம்மாவின் விரல் பட்டதும் விம்மலை நிறுத்தி அவள் வளையலைப் பிடித்தது. அதுவே சின்னவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடையில் வாங்கிய டயப்பர் சிட்டுவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, துணிதான் கட்ட வேண்டியிருந்தது. தபால் அலுவலகத்தில் கவுண்ட்டர் வேலை பார்க்கும் சின்னவள், பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. அப்போது பெரியவள்தான் முன்வந்தாள். துணி என் பொறுப்பு, நீ நிம்மதியாகப் போய் வா என்றாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் மடி நிறையாதவள் அவள். அந்த வீட்டில் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது இந்த ஒரு பொறுப்பைத்தான்.

அதை அவள் ஒழுங்காகச் செய்தாள். அசுத்தமானதை உடனே குழாயடியில் அலசி, மூடி போட்ட வாளியில் போடுவாள். வாசனையில்லாத சோப்பும் கொதிக்கிற தண்ணீரும்தான் அவள் கணக்கு. நுரை ஒரு துளி மிஞ்சாத வரைக்கும் அலசுவாள். பகலுக்கு ஒற்றை மடிப்பு, இரவுக்கு நடுவில் தடிமனாக இன்னொன்று. கட்டிய பிறகு தொடையோரம் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பாள், இறுக்கம் தோலைக் கடிக்கக் கூடாது. இவ்வளவும் செய்தும், இப்போது சில நாட்களாக எல்லாம் கைமீறிப் போய்க்கொண்டிருந்தது.

குறை ஒன்றே ஒன்று இருந்தது, அது அவள் கையில் இல்லை. காலை வெயில் விழுவது தெருவைப் பார்த்த முன்பக்கப் பால்கனியில் மட்டும்தான். அங்கே துணி காயப்போட மாமனார் விடவில்லை. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடுதான் வாசலில் நிற்பார். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டது.

"ரோட்டுல போறவன் நம்ம வீட்டுக் கோவணத்தை எண்ணிக்கிட்டுப் போகணுமா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். அதற்குமேல் பேச்சில்லை. பின்பக்கம், இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த ஒடுக்கமான நடையில் துணிகள் அரைகுறையாகக் காய்ந்தன. காற்றில்லாத நாளில் முடை நாற்றம் அடித்தது.

அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு பெரியவள் உலர்ந்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். முடை நாற்றத்துக்கு அடியில் லேசாக ஒரு பூவாசனை. சின்னவளின் பவுடர் ஒட்டியிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சந்தேகம் வந்து, விரலை நனைத்துத் துணியின் மேல் நாலு சொட்டு தெளித்தாள். சொட்டுகள் உள்ளே இறங்கவில்லை. முத்து முத்தாக நின்று, துணியைச் சாய்த்ததும் உருண்டு தரையில் விழுந்தன.

தாய்வீட்டில் ஒருமுறை துண்டுகளுக்கு வாசனைத் திரவம் ஊற்றி அலசி, பிறகு எவ்வளவு துடைத்தும் தலை ஈரம் போகாமல் அவதிப்பட்டது ஞாபகம் வந்தது. அந்தத் திரவம் துணியை மெத்தென்று ஆக்கும், மணக்க வைக்கும், கூடவே மெழுகு பூசியது போல ஒரு படலத்தையும் விட்டுப்போகும். ஆனால் அதை இந்த வீட்டில் யார் ஊற்றுகிறார்கள்?

மறுநாள் காலை தெரிந்தது. கடைசி அலசலுக்குத் துணிகளைத் தொட்டியில் ஊறவிட்டு, காபி போட உள்ளே வந்தவள், சமையலறை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தாள். முகச்சவரத்துக்குப் பின்நடைக்கு வந்த மாமனார், இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். சவரச் சாமான் அலமாரியின் மூலையிலிருந்து நீலநிற பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியில் அளந்து, தொட்டியில் ஊற்றினார். குச்சியால் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல முகத்துக்கு நுரை போட ஆரம்பித்தார்.

பெரியவளுக்குக் காரணம் அப்போதே புரிந்துவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். உங்க வீட்டில் குழந்தை இருப்பதை மூக்கே சொல்லிவிடுகிறது மாஸ்டர் என்று முன்பு ஒருநாள் சத்தமாகச் சிரித்தபடி சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். மாமனார் அன்று முழுக்க வாசல் பக்கம் போகவில்லை. அந்த மனிதர் தன் வீட்டு மானத்துக்காக, ஒரு மூடி வாசனையை யாருக்கும் தெரியாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். அவளால் முடியவில்லை. முன்பு ஒரு சமயம், குழந்தையில்லாத மருமகளை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், பெரியவனுக்கு வேறு பெண் பாருங்கள் என்று உறவுக்காரர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமனார் எழுந்து கதவைத் திறந்து வைத்தார். அவள் என் வீட்டு மருமகள், இந்தப் பேச்சோடு யாரும் என் படியேற வேண்டாம் என்று சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவளுக்கு அந்த வார்த்தைதான் இன்றைக்கும் கூரை. அவரைத் திருடனைப் போலப் பிடித்து நிறுத்த அவளுக்கு நாக்கு எழவில்லை.

அந்தத் தொட்டித் தண்ணீரைக் கொட்டி, எல்லாவற்றையும் மறுபடி வெந்நீரில் அலசினாள். சாப்பிடும்போது, குழந்தைத் துணிக்கு வாசனை எதுவும் ஆகாதாம் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிப் பார்த்தாள். மாமனார் தட்டிலிருந்து நிமிரவில்லை. வாசனை ஆகாது, நாற்றம் ஆகுமா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

சாயங்காலம் சின்னவள் வேலையிலிருந்து வந்ததும் குழந்தையின் துணியைத்தான் முதலில் அவிழ்த்துப் பார்த்தாள். சிவப்பு இன்னும் பரவியிருந்தது. பிறகு கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு, நாளை மறுநாள் அண்ணன் காரோடு வருவான், குழந்தையை என் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன் என்றாள். இனிமேல் சிட்டு அங்கேயேதான் வளரும். வாரக் கடைசியில் தான் போய்ப் பார்த்துக்கொள்வாள். சின்னவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

முடிவு சொல்ல வேண்டியவர் மாமனார். அவர் நாற்காலியின் கையைத் தட்டினார். "பொறுப்பை எடுத்தா ஒழுங்காச் செய்யணும். முடியலைன்னா விட்டுடணும். குழந்தை போகட்டும்."

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிட்டு அவள் மடியில் இருந்தது. சின்னவள் வந்து தூக்கிக்கொண்டபோது, அது பெரியம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்திழுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு முடிவோடு பின்நடைக்குப் போனாள். மாமனார் பேரும் கெடக்கூடாது, குழந்தையும் கஷ்டப்படக்கூடாது. பாட்டிலில் இருப்பதைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டால் போதும். குழந்தை போவதற்குள் ஒருநாளாவது நல்ல துணி கட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்து சாக்கடை வாயில் சாய்த்தாள்.

"இதுதானா..."

நடை வாசலில் சின்னவள் நின்றாள். கையில் நனைந்த விரிப்பு. நடை முழுக்கப் பூவாசனை பரவியிருந்தது. அவள் கிட்ட வந்து பாட்டிலைப் பிடுங்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். மடித்து வைத்திருந்த துணி ஒன்றை எடுத்து முகர்ந்தாள். இரண்டும் ஒரே வாசனை.

"இந்தக் கண்றாவியை ஊத்தித்தான் என் குழந்தைக்குக் கட்டுனீங்களா? தோல் உரியறது கண்ணுல படலையா? உங்களுக்குன்னு ஒண்ணைப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா. எங்க தெரியப்போகுது..."

சத்தம் கேட்டுப் பெரியவனும் சின்னவனும் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மாமனார். தோளில் துண்டு, முகத்தில் பாதி நுரை, கையில் சவரக்கத்தி. பாட்டிலைப் பார்த்ததும் அவர் கை அப்படியே நின்றது.

பெரியவள் ஒருமுறை அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. பிறகு தரையைப் பார்த்து, "தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சுக்கோ," என்றாள்.

இயந்திரப் பட்டறையில் இரும்போடு வேலை செய்பவன் பெரியவன். மனைவியிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன். அவன் அவளைத் தனியே அழைத்துப் போய், நிஜமாகவே நீதானா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவனுக்குப் பட்டறைக்கு நேரமாகிவிட்டது. சாப்பிடாமலே போனான்.

மாமனார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

அன்று முழுவதும் பெரியவள் அழவில்லை. பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வீட்டிலிருந்த அத்தனை துணியையும் போட்டு எடுத்தாள். மேலே படலமாக மிதந்த வழுவழுப்பைக் கொட்டிவிட்டுத் திரும்பக் கொதிக்கவைத்தாள். கடைசியில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தபோது, அது விழுந்த இடத்திலேயே மறைந்தது. சிட்டுவோடு கொடுத்தனுப்பத்தான் இவ்வளவும். பிழிந்து தொட்டியில் குவித்து வைத்தபோது இருட்டிவிட்டது. காலையில் காயப்போடலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் தொட்டி காலியாக இருந்தது.

பின்நடைக் கயிற்றிலும் ஒன்றுமில்லை. பதறிப்போய்க் கூடத்துக்கு வந்தாள். பெட்டியும் பையுமாகக் கிளம்பத் தயாராக நின்ற சின்னவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்கனியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் புதுக்கயிறு கட்டியிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முழங்கை வரை நனைந்திருக்க, மாமனார் வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். கீழே தெரு முழித்துவிட்டது. தையல்காரர் கடைக் கதவைத் தூக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பச்சைக்கொடி சிவப்புக்கொடி காட்டின கையால இன்னிக்கு வெள்ளைக்கொடியா மாஸ்டர் என்று கத்தினார்.

"ஆமாய்யா," என்று மாமனார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "என் பேத்தி துணி. இங்கதான் வெயில் வருது. இனிமே தினம் பார்ப்பீங்க, பழகிக்குங்க."

தையல்காரர் சிரிக்க ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாமனார் திரும்பினார். சின்னவளைப் பார்த்துத்தான் பேசினார். நிமிர்ந்த முதுகு வளையவில்லை.

"அந்த பாட்டில் நான் வாங்கினதும்மா. ஊத்தினதும் நான்தான். நாத்தம்னு ஒருத்தன் சொன்னதைத் தாங்க முடியல எனக்கு. வெயில்ல போட விடாததும் நான்தான். அவமேல எந்தத் தப்பும் இல்ல."

கையிலிருந்த ஈரத்துணியைக் கயிற்றில் போட்டார். அவரே தொடர்ந்தார்.

"நேத்தே சொல்லியிருக்கணும். முகத்துல நுரை காயற வரைக்கும் நின்னேன், வார்த்தை வரல. இந்த வீட்டு மானத்தை நான் காப்பாத்தறேன்னு நெனச்சிட்டிருந்தேன். நேத்து என் மானத்தை இவ காப்பாத்தினா, நான் பார்த்துக்கிட்டு நின்னேன்." பெரியவள் பக்கம் திரும்பினார். கை இரண்டும் தாமாகச் சேரப்போயின.

"வேண்டாம் மாமா," என்று அவள் ஓடிவந்து அந்தக் கைகளைப் பிரித்தாள். "நீங்க அப்படி நிக்கக்கூடாது. என்னால பார்க்க முடியாது."

சின்னவளின் பை கீழே விழுந்தது. "ஏன்க்கா... நான் அந்த வார்த்தை சொன்னப்பகூட ஏன்க்கா சொல்லல?"

"அந்த வார்த்தை வலிச்சுது. வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அதுவரை அடக்கி வைத்திருந்தது அந்த ஒரு பேச்சோடு உடைந்து, கண்ணிலிருந்து கொட்டியது. சின்னவள் அவள் தோளில் முகம் புதைத்துக்கொண்டு, என் வாயில் புழு விழ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சிட்டு, மூச்சுமுட்டிக் காலை உதைத்துக் கத்தியது. கத்திய கத்தலில் பெரியம்மாவின் கைக்கே மாறியது. யாரும் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

கீழே கார் ஒலி எழுப்பியது. சின்னவளின் அண்ணன் மேலே வந்தான். இவ்வளவு காலையில் வரச்சொல்லிவிட்டு எல்லோரும் அழுதுகொண்டு நிற்பது அவனுக்கு விளங்கவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டு, பெட்டி எதையும் தூக்காமல் திரும்பிப் போனான்.

பெரியவள் பால்கனியிலேயே உட்கார்ந்து, தன் பழைய நூல்புடவையில் கிழித்த துணியைச் சிட்டுவுக்குக் கட்டினாள். கட்டி முடித்துத் தொடையோரம் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். தலைக்குமேல் கயிற்றில் துணிகள் சுருண்டு, முறுக்கிப் பிழிந்தபடியே தொங்கின. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பொறுக்கவில்லை.

"மாமா, அப்படியே போட்டா உள்ளே காயாது. நல்லா உதறிட்டுப் போடணும்."

மாமனார் அவளைப் பார்த்தார். கயிற்றில் போட்டிருந்த முதல் துணியை எடுத்தார். தெருவைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கி உதறினார். நீர்த்திவலைகள் வெயிலில் பறந்து எல்லோர் முகத்திலும் தெறித்தன. சிட்டு சிரித்தது.